நோபல் பரிசு மறைத்துவிட்ட சந்திரசேகரின் இன்னொரு கணக்கு: கறுப்பு மேகத்துக்குள் நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது?

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விடியலுக்கு முன்னால் மார்டள்ளியில் நின்று தெற்கு வானத்தைப் பாருங்க. மலை மாதேஸ்வரா பக்கம், தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்த ஊர் அது. முன்பு மைசூர் மாவட்டம், 1997-க்குப் பிறகு சாமராஜநகர். நிலா இல்லாத நாளில் கேட்டை நட்சத்திரம் சிவப்பாகத் தெரியும். அதன் அக்கம்பக்கத்தில், பால்வீதியில், நட்சத்திரமே இல்லாத கறுப்புத் திட்டுகள்.

அது ஓட்டை இல்லை. வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். கேட்டைக்கு அருகே இருக்கும் ரோ ஒபியூக்கி மேகம் சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதன் உள்ளே இப்போதும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அங்கே காந்தப்புலம் எவ்வளவு வலுவானது என்று கணக்கிடும் சூத்திரத்தில் ஒரு தமிழர் பெயர் இருக்கு: சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் என்றாலே வெண்குறுமீன், 1.4 சூரிய நிறை, 1983 நோபல் பரிசு. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் 1910-ல் லாகூரில் பிறந்தவர், சி.வி. ராமனின் அண்ணன் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் அவருடைய முடிவைக் கேலி செய்தார். அந்த விவாதத்தில் மல்லுக்கட்டி நிற்காமல், சந்திரசேகர் 1939-ல் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதி முடித்துவிட்டு வேறு துறைக்குப் போனார். அதற்குள் அமெரிக்காவின் யெர்கிஸ் வானாய்வகத்தில் வேலையில் சேர்ந்திருந்தார். சில வருடம் ஒரு துறை, புத்தகம், பிறகு அடுத்த துறை. வாழ்நாள் முழுக்க இதுதான் அவர் பழக்கம்.

தேடியது ஒன்று, கிடைத்தது வேறு

1946 வாக்கில் அவர் ஒரு கணிப்பு சொன்னார்: மிகச் சூடான நட்சத்திரத்தின் விளிம்பிலிருந்து வரும் ஒளி ஒரு குறிப்பிட்ட திசையில் அதிகமாக அதிரும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வடிகட்டுகிற அதே குணம்தான். யெர்கிஸைச் சேர்ந்த வில்லியம் ஹில்ட்னரும், ஜான் ஹாலும் அதைத் தேடிப் போனார்கள். 1949-ல் அந்த அதிர்வு கிடைத்தது. ஆனால் அது நட்சத்திரத்திலிருந்து வரவில்லை! வழியில் இருந்த தூசி, காந்தப்புலத்துக்கு ஏற்றபடி வரிசையாக நின்று ஒளியை மாற்றியிருந்தது.

கணிப்பு அங்கே கிடைக்கவில்லை. சந்திரசேகருக்கு அதைவிடப் பெரிய விஷயம் கிடைத்தது. அப்போது அவர் வாயுவின் கொந்தளிப்பில் மூழ்கியிருந்தார். 1951-ல், கொந்தளிப்பு கூடுதல் அழுத்தம் மாதிரி நின்று ஈர்ப்புவிசையை எதிர்க்கும் என்று எழுதினார். (இன்று பார்த்தால் அது பாதிக் கதைதான். அதே கொந்தளிப்பு வாயுவை நெருக்கி அடர்ந்த கருக்களை உண்டாக்கவும் செய்கிறது.) பிறகு சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மியோடு பேச ஆரம்பித்தார். அந்தப் பேச்சிலிருந்து 1953-ல் இரண்டு கட்டுரைகள் வந்தன. அடுத்த ஆண்டே ஃபெர்மி இறந்துவிட்டார்.

அந்தக் கணக்கு என்ன?

காந்தப்புலக் கோடுகளை வீணைத் தந்தி என்று நினைத்துக்கொள்ளுங்க. வாயு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. முறுக்கிக் கட்டிய தந்தி கொஞ்சம்தான் வளையும், தளர்ந்தது நிறைய வளையும். ஆக வாயுவின் அடர்த்தி, வேகம், கோடு வளைகிற கோணம் மூன்றும் தெரிந்தால் காந்தப்புலத்தின் வலு தெரிந்துவிடும். வேகத்தை நொடிக்கு 5 கி.மீ. என்று வைத்து அவர்களுக்குக் கிடைத்த விடை சுமார் 7 மைக்ரோகாஸ். பூமியின் காந்தப்புலத்தில் ஏறக்குறைய 70,000-ல் ஒரு பங்கு. லெவரெட் டேவிஸ் 1951-லேயே இதே யோசனையைச் சொல்லியிருந்தார், அதனால் இப்போது மூன்று பேர் பெயரும் சேர்ந்தே வருகிறது.

இரண்டாவது கட்டுரை இன்னும் முக்கியம் என்பேன். காந்த ஆற்றல் ஈர்ப்பு ஆற்றலை மிஞ்சினால் மேகம் சுருங்காது என்று அது காட்டியது. சுருங்கவில்லை என்றால் நட்சத்திரம் இல்லை.

இதில் வேதியியல் எங்கே வருகிறது? கணக்குக்குத் தேவையான அந்த வேகத்தில்தான். அடர்ந்த கருவின் வெப்பநிலை சுமார் 10 கெல்வின், அதாவது மைனஸ் 263 டிகிரி. அந்தக் குளிரில் கார்பன் மோனாக்சைடு, ஃப்ரீஸரில் ஐஸ் படிவது மாதிரி தூசியில் ஒட்டிக்கொள்ளும். அதன் ரேடியோ சிக்னலை நம்பினால் வெளித்தோலின் வேகம்தான் கிடைக்கும். அம்மோனியா இன்னும் வாயுவாகத் தாக்குப்பிடிக்கிறது. அதைக் கேட்டால் உள்ளே நடப்பது வேறு: கொந்தளிப்பு அடங்கி, அங்கே ஒலி போகும் வேகத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த ஒலியே நொடிக்கு சுமார் 200 மீட்டர்தான். தப்பான மூலக்கூறை எடுத்தால் காந்தப்புலம் அதிகமாகத் தெரியும், சுருங்கப்போகிற கருவை நிலையானது என்று முடிவு கட்டிவிடுவோம்.

1953-ல் இதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. விண்வெளியில் அம்மோனியா கண்டுபிடிக்கப்பட்டதே 1968-ல். அதற்குள் சந்திரசேகர், 1961-ல் பாய்ம நிலைத்தன்மை பற்றிய தடிமனான புத்தகத்தை முடித்து, பொதுச் சார்பியலுக்குப் போய்விட்டார்.

1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் இறந்தார். 2001-ல் கணினி மாதிரிகள் அந்த 1953 சூத்திரம் கொஞ்சம் மிகையாகச் சொல்கிறது என்று காட்டின. அதிலிருந்து ஆய்வாளர்கள் பலரும் அதைத் தூக்கி எறியாமல், விடையைப் பாதியாக்கி எடுத்துக்கொள்கிறார்கள். ஹவாயில் உள்ள ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தொலைநோக்கி ரோ ஒபியூக்கியின் தூசி ஒளியை அளந்தபோதும், காந்தப்புலத்தைக் கணக்கிட எடுத்தது இதே முறையைத்தான்.