காலக்கணக்கர் கோல்டிங்காம்

பழவேற்காட்டு ஏரியை அடுத்துள்ள கூனங்குப்பம், கோரைக்குப்பம் முதலிய மீனவச் சிற்றூர்களில் வாழ்வார்க்கு, ஒளி முந்துதலும் ஒலி பிந்துதலும் ஏட்டிற் கற்றறிய வேண்டுவன அல்ல. ஏரியின் அப்புறத்தே ஒருவன் வலைக்கழியை அறையுங்கால், அவன் கை தாழ்ந்து மீண்டும் எழுந்த பின்னரே அவ்வோசை செவிக்கு எட்டும். வடபால் ஸ்ரீஹரிகோட்டையினின்று 1971 முதல் ஏவப்பட்டு வரும் ராக்கெட்டுகளும் இவ்வியல்பினவே. தீப்பிழம்பு தோன்றியபின் ஏறக்குறைய நூறு நொடி கழிந்தே அதன் முழக்கம் பழவேற்காட்டை அடையும். இடையே உள்ள தொலைவு சுமார் 35 கிலோமீட்டர்.

தொலைவை இவ்விடைவேளையால் வகுப்பின் ஒலியின் விரைவு கிடைக்கும் என்பது பள்ளிச் சிறாரும் அறிந்ததே. ஆயின், அவ்விடைவேளையை எத்துணைச் செம்மையாக அளந்தோம் என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வார் சிலரே. அங்ஙனம் வினவிய ஒருவர், இவ்வேரிக்குத் தெற்கேயுள்ள சென்னையில் இருநூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்தார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜான் கோல்டிங்காம் 1767-இல் பிறந்தார் என்பர். டென்மார்க்கு நாட்டுக் குடியினர் என்பாரும் உளர். வில்லியம் பெட்ரி என்பார் 1786-இல் தம் சொந்தச் செலவில் சென்னையில் நிறுவிய வானாராய்ச்சி நிலையம் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமையாகி, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் பெற்றது. அதனை எழுப்பிய மைக்கேல் டாப்பிங் சோழமண்டலக் கரையை அளந்த பெரியார். அவருக்கு உதவியாளராயிருந்த கோல்டிங்காம், 1796-இல் அவர் மறைந்தபின் நிலையத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டிலேயே சென்னையின் வெப்பம், காற்று முதலியவற்றை நாடோறும் குறிக்கத் தொடங்கினார். 1794-இல் தோன்றி, பிற்காலத்துக் கிண்டிப் பொறியியற் கல்லூரியாய் வளர்ந்த நில அளவைப் பள்ளியும் அவர் மேற்பார்வையில் இருந்தது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் மாளிகையை அமைத்தவரும் அவரே. ஒரு பாடத்திற் கரையேறுவதற்கே உயிர்விடும் நம்மனோர்க்கு இப்பட்டியலைப் படிக்கும்போதே மூச்சு முட்டுகின்றது!

இவை நிற்க. 1820, 1821 ஆகிய ஆண்டுகளில் அவர் நிகழ்த்திய ஒலிச்சோதனையே நாம் நின்று நோக்கத் தக்கது. செயிண்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது அந்நாளைய வழக்கம். இதற்கெனத் தனிச்செலவு ஒன்றும் இல்லை. படையினர் தம் கடமைக்கு வெடித்ததைக் கோல்டிங்காம் தம் ஆராய்ச்சிக்குக் கொண்டார். நுங்கம்பாக்கத்தினின்று கோட்டைப் பீரங்கி ஏறக்குறைய 13,930 அடி. பரங்கிமலைப் பீரங்கி ஏறக்குறைய 29,550 அடி. பீரங்கி வாயில் ஒளி தோன்றியது முதல் ஓசை வந்து சேரும் வரை காலமானியின் 'டிக்' ஒலியை எண்ணுதலே வேலை. முன்னது 12 நொடி அளவினது. பின்னது 26 நொடி அளவினது.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. நாளொன்றுக்குப் பத்து நொடி பிந்தி ஓடும் கடிகாரத்தைப் பழுதென்று தள்ளிவிடுவோம். அதனைக் கொண்டு 26 நொடியை அளந்தால் அப்பிந்துதலால் வரும் பிழையோ ஒரு நொடியில் முந்நூறில் ஒரு பங்கே. மற்று, ஆண்டு முழுதும் வழுவாத ஊசற்கடிகாரமும் நொடிக்கு ஒரு முறையே ஒலிக்குமாயின், 12 நொடியை அளக்கையில் ஒரு நொடி அளவு ஐயத்திற்கு இடந்தரும். ஆகவே நாள் முழுதும் ஒழுங்காய் ஓடுதல் வேறு. நொடியை நுணுகக் கூறிடுதல் வேறு. அக்காலத்துச் சட்டைப்பைக் காலமானிகள் இரண்டு நொடிக்கு ஐந்து முறை ஒலிப்பன. ஓர் ஒலிக்கும் மறு ஒலிக்கும் இடை 0.4 நொடி. கோட்டைப் பீரங்கியின் இடைவேளையில் இது முப்பதில் ஒரு பங்கு. பரங்கிமலையதில் அறுபத்தைந்தில் ஒரு பங்கு. தொலைவு மிக மிக, அதே காலமானி நம்பத்தக்கதாகின்றது.

எண்ணுவான் ஒருவனும் உளன் அன்றோ? ஒளியைக் கண்டு எண்ணத் தொடங்குவதிலும், ஒலியைக் கேட்டு நிறுத்துவதிலும் மனத்திற்குச் சிறு தாமதம் உண்டு. இரண்டும் ஒத்தனவாயின் ஒன்றையொன்று கழித்துவிடும். ஆயின் ஒளி திடீரெனத் தோன்றுவது. ஒலியோ காத்திருந்து கேட்கப்படுவது. நூற்றுக்கணக்கான முறை அளந்து சராசரி காண்பின் 0.4 நொடி ஐயம் தேய்ந்துவிடும்; என்றும் ஒரு பக்கமே சாயும் மனத்தின் பிழை தேயாது. அதற்கு மருந்து இரு தொலைவுகளே. பெரிய இடைவேளையினின்று சிறியதைக் கழித்தால், இரண்டிற்கும் பொதுவான தாமதம் தானே நீங்கும். வான்நிலையத்தில் விழித்திருந்து இவ்வேலைக்கு உதவிய நம் நாட்டு உதவியாளரையும் நன்றியுடன் நினைத்தல் முறை. அவர்தம் செவிகள் இன்றி இவ்வாராய்ச்சி இல்லை.

கண்ட முடிவு யாது? குளிர் மாதங்களில் ஒலி நொடிக்கு 1,100 அடிக்கு அருகிலும், ஜூலையில் 1,160 அடிக்கு மேலும் சென்றதாகக் கணக்கு வந்தது. ஆண்டுச் சராசரி 1,130 அடிக்குச் சிறிது மிகுதி; சென்னையின் வெப்பத்திற்கு இன்று நாம் கொள்ளும் 1,140 அடியினின்று நூற்றில் ஒரு பங்கு அளவே வேறுபடுவது. ஆயின் மாதந்தோறும் கண்ட வேறுபாடு மிகப் பெரிது. வெப்பம் ஒரு செல்சியஸ் பாகை ஏறினால் விரைவு 2 அடியே மிகும். சென்னையின் சனவரிக்கும் ஜூலைக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாடு 60 அடியை விளக்கப் போதாது. காற்று ஒரு பகுதியை விளக்கலாம்; எஞ்சியது அளவையின் குறையாதல் வேண்டும். சராசரியை மட்டும் காட்டிப் புகழ் பெற்றிருக்கலாம். அவரோ மாத எண்கள் அனைத்தையும் 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அச்சேற்றினார். பிற்காலத்தார் அவர் பிழையைக் காண்பதற்கு அவரே வழி வைத்துச் சென்றார்.

நீண்ட காலக்கணக்கில்தான் அவர் பெரிதும் வழுவினார். சென்னை கிரீனிச்சினும் 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது என 1802-இல் அவர் வரையறுத்தார். உண்மை அதனினும் 15 நொடி அளவு குறைவு. வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தைக் கொண்டு இது கணிக்கப்பட்டது. அவை விளக்கணைந்தாற்போல் அன்றி மெல்ல மெல்ல மங்குவன. இன்ன கணத்தில் மறைந்தது என்று துணிதல் அரிது. நிலப்படத்தில் இப்பதினைந்து நொடி ஆறு கிலோமீட்டருக்கு மேற்படும். அக்கணக்கின்படி நுங்கம்பாக்கத்து நிலையம் கரையையும் கடந்து, மீனவர் வலைவீசும் கடலில் நிற்க வேண்டும்! தந்தி வந்த பின்னரே இது செம்மையுற்றது. 5 மணி 21 நிமிடம் என்ற சென்னை நேரத்தையே இந்திய ரயில்கள் 1905 வரை கைக்கொண்டன.

கோல்டிங்காம் 1830-இல் பணியினின்று நீங்கித் தாயகம் சென்று, 1849-இல் காலமானார். டாப்பிங் நட்ட, தமிழ் எழுத்தும் பொறித்த கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் இன்றும் உளது.