கோவைச் சிறையும் செக்கிழுத்த செம்மலும்

செப்டம்பர் 5ஆம் நாள் கோவை மத்திய சிறையில் ஒரு செக்கிற்கு மாலை சூட்டுவது வழக்கம். எண்ணெய் ஆட்டும் செக்கிற்கு மாலை எதற்கு என வெளியூரிலிருந்து வந்து பயிலும் மாணவர் வியப்பர். மாடு இழுக்க வேண்டிய அச்செக்கை இழுத்தவர் பெருமகனார் வ.உ. சிதம்பரனார். அந்நாள் அவர் பிறந்தநாள்.

1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரனார், தந்தையாரைப் போன்றே வழக்கறிஞராகித் தூத்துக்குடியில் தொழில் நடத்தினார். 1906இல், கொழும்புத் தடத்தில் ஆங்கிலேயர் செலுத்திய கப்பல்களுக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். பங்கு ஒன்று 25 ரூபாய். நம் இளைஞர் பலர் அறியாத பெயர் ஒன்று இங்கே உண்டு. ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருமகனார் 8,000 பங்குகளை ஏற்று, 2 இலட்சம் ரூபாய் வழங்கி, கம்பெனியின் செயலாளராகவும் பொறுப்பேற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். அனைத்திற்கும் மூலவரான சிதம்பரனாரோ துணைச் செயலாளராக இருந்தே உழைத்தார். பதவியை நாடாத அவ்வுள்ளத்தை இன்று எங்கே காண்போம்!

1908 மார்ச்சில் கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆயினும் தீர்ப்பைச் செவியுற்ற தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அக்கலக்கம் தீரவேயில்லை.

அம்மாதமே கோவைச் சிறைக்குக் கொணரப்பெற்றார். முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றச் செய்தனர். உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்தது. அடுத்து, மேற்கூறிய செக்கு. 1910 டிசம்பரில் கண்ணனூருக்கு மாற்றப்படும்வரை கோவையே அவருக்குத் துன்ப உலகம். அத்துன்பத்தினூடேயும் ஜேம்ஸ் ஆலனின் நூலொன்றை ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கினார் என்பதே தமிழ் பயில்வோராகிய நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது.

1912இல் விடுதலையானபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை. வாடிய நிலையில் சில காலம் இதே கோவையில் வாழ்ந்து தொழிலாளர்க்குத் துணைநின்றார். பின்னாளில் உரிமத்தை மீட்டுத் தந்த வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் பெயர் விளங்கத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கிலேயரால் அத்துணை வதைபட்டவர், நன்றி பாராட்டுங்கால் இனம் பார்த்திலர். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்ததும், திருக்குறளுக்கு உரை வரைந்ததும் இவ்வறுமைக் காலத்திலேதான்.

மறைவிற்குப் பின் சிறப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. 1939இல் சென்னை இராயப்பேட்டைக் காங்கிரஸ் அலுவலகத்தில் சிலை எழுந்தது. ம.பொ.சி. அவர் வரலாற்றைக் ‘கப்பலோட்டிய தமிழன்’ என நூலாக்கினார். 1961இல் அது திரைப்படமுமாயிற்று. 1972இல் அஞ்சல்தலை வெளிவந்தது. 2011இல் தூத்துக்குடித் துறைமுகமே அவர் பெயர் பெற்றது. கோவையில் பூங்காவும் மைதானமும் அவர் பெயர் தாங்கின. அவையாவும் தக்கனவே, ஆனால் காலம் தாழ்ந்தன.

1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் உயிர் நீத்தார். காங்கிரஸ் அலுவலகத்தில் கண்மூட வேண்டுமென்பது அவர் விருப்பம். அவ்வாறே அங்குக் கொண்டுசெல்லப் பெற்றார். அவர் விட்டுச்சென்ற உயிலில், தீர்க்கப்படவேண்டிய கடன்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் துணிக்கடைப் பாக்கி ஒன்று. எண்ணெய்க்கடைப் பாக்கி மற்றொன்று.