பேராசிரியர் அழகையா துரைராசா

மண்ணை மிதித்து நடப்போர் பலர். அதன் இயல்பை ஆய்ந்து உலகுக்கு உரைத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், வடமராட்சிக் கம்பர்மலையில் 1934ஆம் ஆண்டு தோன்றிய பேராசிரியர் துரைராசா அவர்கள். அன்னாரின் வாழ்வை நம் இளைஞர்க்கு எடுத்துரைப்பது இம்மலரின் கடனெனக் கருதுகின்றோம்.

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் கற்ற அவர், கேம்பிறிட்ஜ் சென்று றொஸ்கோ என்னும் அறிஞரின் கீழ் மண்பொறியியலை ஆராய்ந்தார். சாட்டிக் கடற்கரையின் ஈரமணலிற் காலை ஊன்றினால், சுற்றியுள்ள மணல் சட்டென உலர்ந்தாற்போலத் தோன்றுவதை நாமெல்லாம் கண்டிருக்கின்றோம். நெருங்கிக் கிடந்த மணிகள் விலகி இடைவெளி பெருக, மேலே நின்ற நீர் உள்ளிறங்குவதே காரணம். தளர்ந்த மண்ணோ இதற்கு மாறாக ஒடுங்கும். ஈற்றில் இரண்டும் கனவளவு மாறாத ஒரு நிலையை அடையும். அதுவே அவதிநிலை.

களிமண் இவ்வாறு உருமாறும்போது உராய்வினாற் செலவாகும் சக்தியைத் துரைராசா பரிசோதனைகளால் கணித்தார். அக்கணிப்பைக் கொண்டு றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட ஆய்வு, அணைக்கும் அத்திவாரத்துக்கும் மண்ணை மதிப்பிடும் புதுநெறிக்கு வழிவகுத்தது. பனிநாடுகளில் மண்ணீர் உறைந்து, பனிக்கட்டிப் படைகளாகி, வீதிகளையே மேலுயர்த்தும். அவ்வுறைமண்ணை ஆராய்வோரும் இன்று அவதிநிலை நெறியை விரித்துப் பயன்படுத்துகின்றனர்.

இத்தகைய புகழ் பெற்றவர் அயல்நாட்டிலேயே தங்கியிருக்கலாம். அவரோ தாயகம் திரும்பிப் பேராதனையிற் பொறியியலாளர் பலரை உருவாக்கினார். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். போர் சூழ்ந்து, மின்சாரமும் எரிபொருளும் அற்றுப்போன அந்நாட்களில், துவிச்சக்கரவண்டியில் அலுவலகம் சென்று, பல்கலைக்கழகத்தின் கதவு அடைபடாது காத்தார். கிளிநொச்சியிற் பொறியியற் பீடம் காண வேண்டுமென அவாவினார். 1994ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நோயினால் மறைந்தார். அவர் அவாவிய பீடம் 2013இல் மலர்ந்தது.

மழைநீர் கடலிற் கலவாது நிறுத்துவதும் நன்னீர்க் கிணறுகள் உவராகாது காப்பதும் நம் தீவகத்தின் உயிர்ப்பிரச்சினைகள். அவற்றுக்கு விடைகாணப் பொறியியல் கற்றோர் வேண்டும். கற்றபின் இம்மண்ணை நினைப்போரும் வேண்டும். இளைஞரே, கற்பதற்கு எத்திசையும் செல்லுங்கள். பெரியோரே, அவர்கள் மீண்டு வந்து பணியாற்ற இடம் வைத்திருங்கள். அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் அஞ்சலி.