ரோமன் ஆப்ட்

சமவெளியில் ஓடும் புகைவண்டிக்கு வழுவழுப்பான தண்டவாளமே போதும். குன்னம் வட்டத்து மாணவர் அரியலூர் நிலையத்தில் காணும் வண்டிகள் யாவும் அத்தகையனவே. மேட்டுப்பாளையத்தினின்று நீலமலைமீது ஏறும் வண்டிக்கோ அது போதாது. கல்லாற்றிற்கும் குன்னூருக்கும் இடையே, ஏறத்தாழ 12 அடி செல்வதற்குள் ஓரடி உயரும் ஏற்றங்கள் உள்ளன. ஆங்கே வெறுஞ்சக்கரம் பிடிப்பின்றி நின்றவிடத்திலேயே சுழலும். இறங்குங்கால் வண்டி கட்டுக்கடங்காது சரியும். பயணிகளின் உயிருக்கே ஊறு நேரும். இவ்விடரைத் தீர்க்கும் பல்தண்டவாளத்தைச் செம்மைப்படுத்தியவர் ரோமன் ஆப்ட் என்னும் பொறியறிஞர்.

அவர் 1850ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டில் பிறந்தார். சூரிச்சு நகரில் இயந்திரப் பொறியியல் பயின்றபின், ரிக்கன்பாக் என்னும் முதுபெரும் பொறியறிஞரின்கீழ்ப் பணியாற்றினார். 1871இல் ரிகி மலைமீது ஐரோப்பாவின் முதற் பற்சக்கர மலைப்பாதையை அமைத்துப் புகழ் பெற்றவர் ரிக்கன்பாக்.

ரிக்கன்பாக்கின் அமைப்பு ஏணியை ஒத்தது. தண்டவாளங்களின் நடுவே இரும்பு ஏணி ஒன்று கிடக்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதன் படிகளைப் பற்றி ஏறும். இஃது உறுதியானதே. எனினும் பெரும்பளுவை ஒரு நேரத்தில் ஓரிரு பற்களே தாங்கவேண்டியிருந்தது. ஒரு பல் விட்டு மறுபல் பற்றும்போது வண்டி அதிரும். அதிர்ச்சியால் பல் தேயும். தேய்ந்த பல்லால் அதிர்ச்சி மேலும் மிகும். அன்றியும், வளைவுகளுக்கேற்ப அவ்வேணியைச் செய்தல் எளிதன்று.

1882இல் ஆப்ட் புதியதோர் அமைப்பை வகுத்தார். பார்வைக்கு அது மிக எளிய மாற்றமே. ஏணியை நீக்கிவிட்டு, மேல்விளிம்பில் பல்வெட்டிய எஃகுப் பட்டைகள் இரண்டை அருகருகே நிறுத்தினார். ஒன்றன் பல்லுக்கு நேரே மற்றொன்றன் இடைவெளி அமையுமாறு செய்தார். எஞ்சினிலும் இரு பற்சக்கரங்கள் அவ்வாறே மாறிமாறி அமைந்தன. ஒற்றைக்காலால் தத்திப் படியேறுவோனுக்கும் இருகால்களையும் மாற்றிவைத்து ஏறுவோனுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணுக! ஒரு பட்டையின் பல் விடுமுன் மற்றதன் பல் பற்றிக்கொள்வதால் அதிர்ச்சி தணிந்தது. பளு பகிரப்பட்டமையால் தேய்மானம் குறைந்தது. பட்டைகளின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வாரா. பல்பாதை தொடங்குமிடத்தில், பற்கள் மோதாமல் பொருந்துதற்பொருட்டு, வில்மீது அமைந்து சிறிது தாழ்ந்தெழும் நுழைவுத் துண்டையும் அமைத்தார். இந்நுட்பமே அவர்தம் கூர்த்த அறிவுக்குத் தக்க சான்றாகும்.

செருமனியின் ஆர்சு மலைப்பாதையில் இவ்வமைப்பு முதன்முதல் இடம்பெற்றது. பின்னர் 1896இல் வேல்சு நாட்டுச் சுனோடன் மலையும் இதனை ஏற்றது. நீலமலைப் பாதைக்கு முதலில் ரிக்கன்பாக்கின் முறையே கருதப்பட்டது. முடிவில் ஆப்டின் முறையே நிலைபெற்றது. 1899இல் குன்னூர்வரை வண்டி ஓடிற்று. 1908இல் பாதை உதகைவரை நீண்டது. இப்பாதையின் நீராவி எஞ்சினில் நான்கு உருளைகள் உண்டு. இரண்டு சக்கரங்களையும், இரண்டு பற்சக்கரங்களையும் இயக்கும்.

ஆப்ட் 1933இல் லூசர்ன் நகரில் காலமானார். நீலமலைப் பாதை 2005இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது. கல்லாற்றினின்று குன்னூர்வரை அவ்விரட்டைப் பட்டைகளைப் பற்றியே வண்டி ஏறுகின்றது.