4 அடி உயரம், 28 அங்குல டிரம்: சிக் வெப் நமக்குச் சொல்லித் தரும் பாடம்

டிரம் செட் வாங்கிவிட்டீர்கள். அல்லது பிள்ளை ஆசைப்பட்டான் என்று வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். கடையில் வைத்திருந்த மாதிரியே வீட்டிலும் அடுக்கியாகிவிட்டது. ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முதுகு வலிக்கிறது, தோள் இறுகுகிறது. ஒலியும் ஏனோ அமுங்கியே கேட்கிறது.

கை சரியில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். டிரம்களை அடுக்கிய விதத்திலும் குறை இருக்கலாம்.

இதைப் புரிந்துகொள்ள, 1939இல் மறைந்த ஓர் அமெரிக்க ஜாஸ் கலைஞரின் வாழ்க்கை உதவும். அவர் பெயர் சிக் வெப். உயரம் ஏறக்குறைய 4 அடிதான். முதுகெலும்பு வளைந்திருந்தது. அந்த உடம்போடுதான் அவர் நியூயார்க்கின் முன்னணி டிரம் கலைஞராக உயர்ந்தார்.

யார் இவர்?

முழுப்பெயர் வில்லியம் ஹென்றி வெப். 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 'சிக்' என்பது பட்டப்பெயர்.

சிறு வயதிலேயே முதுகெலும்பைக் காசநோய் தாக்கியது. வளர்ச்சி நின்றுபோனது. முதுகு கூன் விழுந்தது. இறுகிப்போன உடம்புக்கு அசைவு வேண்டும் என்பதால் டிரம் வாசிக்கச் சொல்லி மருத்துவர் யோசனை கூறினாராம். தெருவில் செய்தித்தாள் விற்று, அந்தக் காசைச் சேர்த்து டிரம் வாங்கினார் சிறுவன் வெப்.

பதின்ம வயது முடிவதற்குள் நியூயார்க் போய்விட்டார். 1926வாக்கில் ஹார்லம் பகுதியில் சொந்தக் குழு. 1931 முதல் அங்குள்ள சவாய் நடன மண்டபத்தின் நிரந்தரக் குழு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. குழுவின் பாடல்கள் முழுவதையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு, மேடையின் நடுவில் உயரமான தளத்தில் உட்கார்ந்தபடியே குழுவை நடத்தினார்.

சவாயில் வாசிப்பது லேசான வேலையா?

இல்லவே இல்லை. சவாய் மண்டபம் ஒரு தெருவின் முழு நீளத்துக்கு நீண்டிருந்தது. ஏறக்குறைய 4,000 பேர் கொள்ளும். இரண்டு மேடைகள், ஒரு குழு ஓய்ந்ததும் அடுத்தது தொடங்கிவிடும். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தரையில் சேர்ந்து ஆடிய இடம் அது. அந்தக் காலத்து அமெரிக்காவில் அது பெரிய விஷயம்.

இப்போதுபோல ஒவ்வொரு டிரம்முக்கும் ஒலிவாங்கி வைக்கும் வழக்கம் அன்று கிடையாது. பித்தளைக் கருவிகள் முழங்க, ஆயிரக்கணக்கான கால்கள் தரையை மிதிக்க, அத்தனையும் தாண்டி டிரம் கேட்க வேண்டும். அதுவும் இரவு முழுக்க.

வெப்புக்கு இரண்டு தேவைகள். ஒன்று, மண்டபத்தை நிறைக்கும் ஒலி. இரண்டு, வலிக்கிற முதுகை மேலும் வதைக்காத வாசிப்பு. ஒன்றுக்காக மற்றொன்றை அவரால் விட முடியாது. எட்டாத சிம்பலை எட்டிப் பிடிக்க நம்மைப்போல் முன்னால் சாய்ந்து சமாளிக்கவும் அவர் உடம்பு இடம் கொடுக்காது.

அவர் என்னதான் செய்தார்?

டிரம் செட்டைத் தம் உடம்புக்கு ஏற்றபடி மாற்றினார். மூன்று மாற்றங்கள் முக்கியமானவை.

முதலாவது, பெடல். அவருடைய கால் நீளத்துக்கு ஏற்பத் தனியாகச் செய்த பெடல்கள். கால் எட்டாவிட்டால் இடுப்பு முன்னால் நழுவும். இடுப்பு நழுவினால் முதுகு வளையும். முதுகு வளைந்தால் தோளும் கையும் சேர்ந்து இறுகும். ஆக, பெடல் சரியான தூரத்தில் இருந்தால் கைகூட லேசாகும்.

இரண்டாவது, சிம்பல்கள். வாத்துக் கழுத்துபோல வளைந்த கம்பிகளில் அவற்றைத் தொங்கவிட்டார். இப்படிச் செய்தால் தாங்கி எங்கே நிற்கிறது என்பது முக்கியமில்லை. சிம்பல் மட்டும் கை இயல்பாக வந்து விழும் இடத்துக்கு இறங்கி வந்துவிடும்.

மூன்றாவது, பேஸ் டிரம். 28 அங்குலம், அதாவது ஏறக்குறைய 71 சென்டிமீட்டர் விட்டம். இன்று பெரும்பாலோர் வாங்குவது 20 அல்லது 22 அங்குலம். டிரம் பெரிதாகும்போது ஒலி ஆழமாகவும் கனமாகவும் வரும். அந்தப் பெரிய மண்டபத்துக்கு அது தேவைப்பட்டது. இதில் அவர் உடம்பைப் பார்க்கவில்லை, இடத்தைப் பார்த்தார். மற்றவற்றை உடம்புக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டதால்தான் இவ்வளவு பெரிய டிரம்மை அவரால் ஆள முடிந்தது.

வசதிக்கும் ஒலிக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. எட்டி அடிக்கும்போது குச்சியின் மீது உங்களுக்குப் பிடி குறைகிறது. அடி ஒருமுறை நடுவில் விழும், ஒருமுறை ஓரத்தில் விழும். ஒலியும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி இருக்கும். கை தளர்வாக இருந்தால் குச்சி தோலில் பட்டவுடன் தானாக எழும்பும். டிரம் முழுதாக அதிரும். இறுகிய கை குச்சியைத் தோலிலேயே அழுத்தி, அதிர்வை அடக்கிவிடும்.

1938இல் வெப் பதிவு செய்த 'லைசா' பாடலைத் தேடிக் கேளுங்கள். அவர் தனியாக வாசிக்கும் இடங்களில் வேகம் தெரியும், ஆனால் திணறல் தெரியாது.

1937 மே 11 அன்று என்ன நடந்தது?

அன்றைய அமெரிக்காவில் புகழின் உச்சியில் இருந்தது பென்னி குட்மனின் குழு. அதன் டிரம் கலைஞர் ஜீன் குருப்பா. கவர்ச்சியான தோற்றம் உள்ளவர், இளையர்களின் நாயகன். அந்தக் குழு சவாய்க்கு வந்து வெப்பின் குழுவோடு மோதியது. மண்டபம் நிரம்பி, ஆயிரக்கணக்கானோர் உள்ளே நுழைய முடியாமல் வெளியே நின்றார்கள்.

வெற்றி வெப்புக்குத்தான் என்று கூட்டம் தீர்மானித்தது. அதை ஒப்புக்கொண்டு குருப்பா அவர்முன் தலைவணங்கினார். தாம் தோற்றுப்போனதைப் பின்னாளிலும் அவர் மறைக்கவில்லை.

அப்புறம்?

1935இல் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற 17 வயதுப் பெண் வெப்பின் குழுவில் சேர்ந்தார். அவருடைய எளிய தோற்றத்தைப் பார்த்து வெப் முதலில் தயங்கினார். குரலைக் கேட்டதும் மனம் மாறியது. 1938இல் இருவரும் தந்த 'எ டிஸ்கெட், எ டாஸ்கெட்' நாடெங்கும் வெற்றி பெற்றது.

ஆனால் நோய் விடவில்லை. டிரம் செட்டை எவ்வளவு நுணுக்கமாக அமைத்தாலும் அது முதுகெலும்பைக் குணப்படுத்தாது, இல்லையா? வலியோடுதான் ஊர் ஊராகப் போனார், வாசித்தார். அந்த அமைப்பு அவருக்கு வாங்கிக் கொடுத்தது கொஞ்சம் காலம்தான். 1939 ஜூன் 16ஆம் தேதி, பிறந்த ஊரான பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் காலமானார். வயது 34. அவர் குழுவை எல்லா தம் பெயரில் 1942வரை நடத்தினார்.

உங்கள் டிரம் செட்டை எப்படி அமைக்கலாம்?

வெப் செய்ததை அப்படியே செய்ய வேண்டாம். அவர் யோசித்த வரிசையில் யோசித்தால் போதும். உடம்பு முதலில், கருவி பிறகு.

• நாற்காலி: எல்லாவற்றுக்கும் முன் இதைச் சரிசெய்யுங்கள். தொடை முழங்காலை நோக்கி லேசாகச் சரிந்திருக்க வேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் கீழ்முதுகு வலிக்கும்.

• பெடல்கள்: உட்கார்ந்து, கால்களை இயல்பாக விரியுங்கள். பாதம் விழுகிற இடத்துக்குப் பெடலைக் கொண்டுவாருங்கள். அடியில் ஒரு கம்பளம் போட்டால் பேஸ் டிரம் நகராது.

• ஸ்னேர் டிரம்: இரு கால்களுக்கு நடுவில், குச்சி தொடையில் இடிக்காத உயரத்தில் இருக்கட்டும்.

• டாம்-டாம்கள்: உங்களை நோக்கிச் சற்றே சாயட்டும். ரொம்பச் சாய்த்தால் குச்சி முனை தோலைக் குத்தும். தோலும் கெடும், ஒலியும் கெடும்.

• சிம்பல்கள்: தோளைத் தூக்காமல் எட்ட வேண்டும். மேல் திருகை இறுக்காதீர்கள். சிம்பல் ஆடினால்தான் நன்றாக ஒலிக்கும்.

• சுருதி: எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றித் திருகுங்கள். ஒவ்வொரு திருகின் அருகிலும் மெதுவாகத் தட்டி, ஒரே ஒலி வருகிறதா என்று பாருங்கள்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு 28 அங்குலம் வேண்டவே வேண்டாம். சிறிய பேஸ் டிரம்மும், பயிற்சியின்போது டிரம்கள்மீது போட ரப்பர் விரிப்புகளும் போதும். பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாக இருப்பார்.

வளர்கிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் இன்னொரு வேலை உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை நாற்காலி உயரத்தையும் பெடல் தூரத்தையும் மறுபடி பாருங்கள். பிள்ளை வளர்ந்திருப்பான், டிரம் செட் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும்.