ஹெல்சிங்கி தோல்வியும் ரஹீமின் ஜகார்த்தா தங்கமும்

இந்தியக் கால்பந்தின் பொற்காலம் குறித்த விவாதங்களில் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பெற்ற நான்காம் இடமே முதலில் பேசப்படுகிறது. அந்த அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமை மதிப்பிட அது மட்டும் போதாது.

ஹைதராபாத்தில் 1909-இல் பிறந்த அவர், ஆசிரியராகப் பணியாற்றியவர். 1951 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவரது பயிற்சியில் இந்தியா தங்கம் வென்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கோல் கணக்கில் நிலைகுலைந்தது. வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடியிருந்தனர். பதக்கப் பட்டியலில் இடம்பெறாத இந்தத் தோல்விக்குப் பிறகே காலணி கட்டாயமாக்கப்பட்டது.

1962 ஜகார்த்தா போட்டியின்போது ரஹீமைப் புற்றுநோய் வாட்டிக்கொண்டிருந்தது. தலையில் காயமடைந்திருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்களத்தில் நிறுத்தினார். இறுதிப் போட்டியில் ஜர்னைலும் கோல் அடிக்க, தென்கொரியா 1-2 எனத் தோற்றது.

1963 ஜூன் 11-இல் ரஹீம் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை.