ஏழைகளின் பணிவிடைக்காரி அர்ச். லூயிசம்மாள்

அர்ச். லூயிஸ் தெ மரில்லாக் அம்மாள் 1591-ம் ஆண்டு பிரான்சு தேசத்தில் பிறந்தார். தாய்முகம் அறியாதவர். உயர்குலத்தவரான தகப்பனாரும் 1604-ல் இறந்துபோனார். கன்னியர் மடத்தில் சேர ஆசைப்பட்டார்; தேகபலம் போதாதென்று அதுவும் மறுக்கப்பட்டது. 1613-ல் உறவினர் ஏற்பாட்டின்படி விவாகம் செய்து, ஒரு மகனைப் பெற்றார். கணவர் நெடுநாள் நோய்ப்பட்டு 1625-ல் மரித்தார். 34 வயதில் விதவையான லூயிசம்மாளுக்கு ஞான வழிகாட்டியாக வாய்த்தவர் அர்ச். வின்சென்ட் தே பவுல்.

அவர் ஊர்தோறும் நிறுவிய பிறர்சிநேக சபைகளை லூயிசம்மாள் நேரில் சென்று விசாரித்து, கணக்குப் பார்த்து, சிறுமிகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தார். பாரீஸ் பட்டணத்திலோ சங்கடம் எழுந்தது. சீமாட்டிகள் ஏழைகளுக்குப் பொருள் கொடுத்தார்கள். ஆனால் நோயாளிக்குக் கஞ்சி ஊட்டவும் புண் கழுவவும் தங்கள் வேலைக்காரிகளை அனுப்பினார்கள். மனமில்லாத கை செய்யும் பணியில் ஆறுதல் ஏது?

அப்பொழுது முன்வந்தவள் மார்கரீத் நாசோ என்னும் மாடு மேய்க்கும் பெண். அரிச்சுவடி ஒன்றை வாங்கி, வழிப்போக்கரிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டே படித்தவள். கொள்ளைநோய் கண்ட ஒருத்தியைத் தன் படுக்கையிலேயே கிடத்தி ஆதரித்து, அந்நோயாலேயே 1633-ல் மாண்டாள். அவ்வாண்டு நவம்பர் 29-ந் தேதி, அவளைப் போன்ற நாட்டுப்புறப் பெண்கள் சிலரை லூயிசம்மாள் தமது வீட்டில் சேர்த்துக்கொண்டார். பிறர்சிநேகப் புதல்வியர் சபை இவ்வாறு உதித்தது.

அக்காலத்தில் கன்னியாஸ்திரீகள் மடத்துச் சுவருக்குள்ளேயே அடைபட்டு வாழவேண்டும். அவ்விதிக்குட்பட்டால் ஏழைகளின் வாசலை மிதிப்பது எப்படி? ஆகவே இவர்கள் கிராமத்துப் பெண்களின் சாம்பல்நிற உடையையே அணிந்தார்கள். நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பதிலாக ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வார்த்தைப்பாடு வழக்கமாயிற்று. இதனால் வீதியும் ஆஸ்பத்திரியும் அவர்களுக்குத் திறந்திருந்தன. 1638 முதல் வீதியில் எறியப்பட்ட குழந்தைகளை வளர்த்தார்கள். 1640-ல் விலங்கு பூண்ட கைதிகளிடம் சென்றார்கள். 1652-ல் போலந்து தேசத்துக்கும் போனார்கள்.

லூயிசம்மாள் 1660 மார்ச் 15-ந் தேதி மரணமடைந்தார். 1934-ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டமளித்தார். 1960-ல் பாப்பரசர் 23-ம் அருளப்பர் அவரைச் சமூக சேவை செய்வோரின் பாதுகாவலியாக ஏற்படுத்தினார்.

சீமாட்டிக்கும் மாடு மேய்த்தவளுக்கும் சர்வேசுரன் ஒரே வேலையைக் கொடுத்தார். நம் பங்கிலும், தன் வீட்டு அடுப்பை அணைத்த கையோடு அண்டை வீட்டு நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோகும் தாய்மார் உண்டு. எந்தக் கணக்கிலும் அவர்கள் பெயர் ஏறுவதில்லை. இவ்வாரம் அவர்களுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுவோம். அடுத்த முறை அவர்கள் புறப்படும்போது பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நாமும் கூடவே போவோம்.